நைராவுக்குப் பதினெட்டு வயது

கடல் வற்றிப் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. கப்பல்கள் உப்பு மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வயிற்றுக்குள் பதினெட்டு வயது நைரா வட்டமான கண்ணாடி ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். சண்டைக்குள் வந்துவிடாமல் இருக்க அவளை உள்ளே தள்ளி வெளியே தாழ் போட்டவள் அவள் அம்மாதான். வெளியே அந்த அம்மாவை இழுத்துப் போகிறார்கள். நைரா கண்ணாடியைக் குத்துகிறாள், மூச்சு இரைக்கிறது. அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள், அவள் உதடு இரண்டு முறை மூடித் திறக்கிறது. கண்ணாடி தடிமன், சத்தம் வராது. நைராவின் உதடும் அதேமாதிரி இரண்டு முறை மூடித் திறக்கிறது. அவ்வளவுதான், பதினேழு விநாடி. பிறகு திரை கறுத்து, மறுபடியும் கடல் வற்றி இருபது வருஷம் ஆகிவிடும், கப்பல்கள் மறுபடியும் ஒருக்களித்துப் படுக்கும், அந்த அம்மாவை மறுபடியும் இழுத்துப் போவார்கள். ஒரு காட்சியைத் துண்டாக வெட்டி, குரல் சரியாக விழும்வரை திரும்பத் திரும்பப் போடுவதற்கு லூப் என்று பெயர். சாலிகிராமத்தில் ஒரு இரண்டாம் மாடி டப்பிங் அறையில், வெளியே மே மாதம் கொளுத்த, உள்ளே ஏசிக்குப் பயந்து சால்வை போர்த்திக்கொண்டு, ஹெட்போனுக்குள் அந்தப் பாலைவனக் காற்றைக் கேட்டபடி சுகந்தி ஏழாவது முறையாக அந்தக் கப்பலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். “வயசு தெரியுதும்மா,” என்றார் டப்பிங் டைரக்டர் ஞானமூர்த்தி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து. அவர் குரல் டாக்பேக் மைக் வழியாக அவள் மண்டைக்குள் நேராக வந்து உட்கார்ந்தது. “தப்பா எடுத்துக்காத. பாப்பாங்கற அந்த ஒரு வார்த்தையில மாட்டிக்குது. நாப்பது வயசு தெரியுது.” நாற்பத்தொன்று சார், என்று மனதுக்குள் திருத்தினாள் சுகந்தி. ஒரு வயதைக் கூடக் குறைத்துச் சொல்லும் பெருந்தன்மை, அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் படம் வந்தபோது நைராவுக்கு ஐம்பது வயது, சுகந்திக்கு முப்பத்திரண்டு. அந்தக் கிழட்டுச் சிங்கத்துக்குக் குரல் கொடுக்க அவள் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், பொரிகடலையை மென்று தொண்டையைக் காயவைத்துக்கொண்டு வந்து நிற்பாள். இப்போது முன்கதை என்று ஒரு படம் எடுத்து நைராவைப் பதினெட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். சுகந்தியை யாரும் பின்னால் கொண்டு போகவில்லை. படக்காரர்களுக்கு என்ன, மேக்கப் போடுவார்கள், வேறு பெண்ணை நடிக்க வைப்பார்கள், கம்ப்யூட்டரில் சுருக்கத்தைத் துடைப்பார்கள். தொண்டையை யார் துடைப்பது. பனங்கல்கண்டும் வெந்நீரும் போட்டு மூன்று நாளாகத் தொண்டையைத் தாஜா செய்து பார்த்தாயிற்று. நேற்று நிவேதா என்று கல்லூரி முடித்த ஒரு பெண் வந்து இதே லூப்புக்குப் பேசிவிட்டுப் போயிருக்கிறாள், பளிங்கு மாதிரிக் குரல், ஞானமூர்த்தியே சொன்னார். ஒரு மணிக்கு மும்பைக் கம்பெனிக்கு ஒரு குரல் மாதிரிதான் போகும், ஒன்று அவள், இல்லாவிட்டால் இவள். இப்போது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. இந்தப் படம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று சுகந்திக்குத் தெரியும். ஒன்றும் ஆகாது. சீரியலில் மாமியார்கள் காத்திருக்கிறார்கள், வஞ்சகமாகச் சிரிக்க, மருமகளைத் திட்ட, கடைசி எபிசோடில் திருந்த. வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நைராவை இன்னொருத்தி பேசுவதைக் கேட்க அவளால் முடியாது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. ஐந்து வயதிலிருந்து இந்த மாதிரி இருட்டு அறைகளில் நின்று ஊரில் உள்ள பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பதிலாக அவள் அழுதிருக்கிறாள், தாலி அறுந்தவளுக்கு, பேய் பிடித்தவளுக்கு, காணாமல் போன குழந்தைக்கு. அழாத ஒருத்தி அவள் வாழ்க்கையில் வந்தது நைரா மட்டும்தான். முதல் படத்தில் கை போனபோதும் அவள் அழவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு லாரியைத் திருப்பினாள், அவ்வளவுதான். அந்தப் பொம்பிளை பதினெட்டு வயதில் எப்படி இருந்தாள் என்று சுகந்திக்குத் தெரிந்தாக வேண்டும், வேறு யாரோ சொல்லிக் கேட்டு அல்ல.

கடல் வற்றி இருபது வருஷம். “டேக் எட்டு,” என்றான் ரெஜி, ஒலிப்பதிவுக்காரன், முதல் படத்துக்கும் அவன்தான், அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக இல்லை, இப்போது வழுக்கை. குத்து, மூச்சு, குத்து, மூச்சு, இது எல்லாம் சரியாக வருகிறது, மூச்சுக்கு அவ்வளவாக வயது கிடையாது. அம்மா திரும்புகிறாள். உதடு. நைராவின் உதடு. “பாப்பா.” திரை கறுத்தது. அந்தப் பக்கம் மௌனம். அந்த மௌனத்தின் நீளத்தை வைத்தே சுகந்திக்குப் பதில் தெரிந்துவிடும், முப்பத்தாறு வருஷப் பழக்கம். “இன்னொண்ணு போலாம்மா,” என்றார் ஞானமூர்த்தி மெதுவாக. அவர் கோபப்பட்டாலாவது தேவலை. ஞானமூர்த்தி கோபக்காரர் என்று பேர், மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் கையைக் கழுவத் தயாராகிறார் என்று அர்த்தம். இந்தப் பாப்பாவைக் கொண்டுவந்தது யார், சுகந்தியேதான், வினையை வேறு யாரும் விலைக்கு வாங்கவில்லை. முதல் படத்தின் கடைசியில் அடிபட்டுக் கிடக்கும் கிழ நைராவின் உதடு சத்தமில்லாமல் இரண்டு முறை மூடித் திறக்கும். ஆங்கிலத்தில் அங்கே வெறும் காற்று. ஆனால் தமிழில் உதடு அசைந்தால் சத்தம் வந்தாக வேண்டும், அசைகிற உதட்டைச் சும்மா விட்டால் லிப் காலி என்பார்கள், அதைவிடப் பெரிய குற்றம் இந்தத் தொழிலில் கிடையாது, தியேட்டரில் சவுண்டு போச்சு என்று கத்துவான். “எதாவது போட்டு ரொப்பும்மா,” என்றார் அன்றைக்கு ஞானமூர்த்தி. எழுதிவைத்த வசனம் ஒன்றும் இல்லை. உதடு ஒட்டிப் பிரிகிறது, ஒட்டிப் பிரிகிறது. யோசிக்க நேரமில்லாமல் சுகந்தியின் வாயிலிருந்து பாப்பா என்று வந்தது. முதல் டேக்கே ஓகே. பிறகு அந்தப் படம் டிவியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடி ஓடி, தமிழ்நாட்டில் மட்டும் நைராவுக்கு ஒரு பாப்பா வந்துவிட்டது. யார் அந்தப் பாப்பா, மகளா, தங்கச்சியா, இரண்டாவது படத்தில் வருமா என்று இன்டர்நெட்டில் ஒன்பது வருஷமாகச் சண்டை. அதனால்தான் இந்த லூப்பிலும் நைராவின் உதட்டுக்கு அதே வார்த்தை. ஒருநாள் வளசரவாக்கத்தில் ஆட்டோவில் போகும்போது “பாத்துப் போங்க” என்றாள், டிரைவர் சட்டென்று திரும்பி, “அக்கா, நீங்க நைராதான? அந்தப் பாப்பா கெடைச்சுதா?” என்றான். இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். வீடு இன்னும் நாலு தெரு தள்ளி இருந்தது.

மகளும் இல்லை, தங்கச்சியும் இல்லை. சுகந்தியைத்தான் சின்ன வயதில் இந்த ஸ்டுடியோக்களில் எல்லோரும் பாப்பா என்பார்கள். பாப்பா வந்தாச்சா, பாப்பாவுக்கு ஸ்டூல் போடு, பாப்பா ரெடியா. மைக் உயரத்துக்கு எட்டாததால் ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்து ஏற்றி நிறுத்துவார்கள், மேலே நின்றால் அறை முழுவதும் லேசாக ஆடும், இன்றைக்கும் தூக்கத்தில் சில நாள் அது ஆடுகிறது. குழந்தைக் குரல் கிடைப்பது கஷ்டம், குழந்தை அழுகை அதைவிடக் கஷ்டம், அழு என்றால் எந்தக் குழந்தை அழும். அதற்கு ஒரு வழி இருந்தது, எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். டேக்குக்கு முன்னால் அம்மா உள்ளே வருவாள். கவுன் கையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, முழங்கைக்கு மேலே உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு கிள்ளு. திருகிவிட்டு அவசரமாக வெளியே போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொள்வாள், ஏனென்றால் அழுகை வர மூன்று விநாடி ஆகும், அதற்குள் கதவைச் சாத்த வேண்டும், கதவுச் சத்தம் பதிவாகிவிடும். அந்த மூன்று விநாடி. வலி கையிலிருந்து கிளம்பி மேலே வரும், மூச்சு உள்ளே போய் நின்றுகொள்ளும், வெளியே வராது. சுகந்தி அண்ணாந்து கண்ணாடியைப் பார்ப்பாள். அந்தப் பக்கம் மங்கலான வெளிச்சத்தில் அம்மாவின் முகம், அம்மாவின் உதடு அசையும், ஒட்டிப் பிரியும், ஒட்டிப் பிரியும். சத்தம் வராது. பிறகு அழுகை வந்துவிடும், கண்ணாடி கலங்கிவிடும், எல்லோரும் சபாஷ் பாப்பா என்பார்கள், ஒரு மிட்டாய் வரும். இருபது வயதில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னம்மா சொல்லுவ. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. “எப்போ? நான் என்னத்தச் சொன்னேன். ஒண்ணும் சொல்லலையே.” கிள்ளினதாவது ஞாபகமிருக்கா என்று கேட்க நினைத்தவள் உலைக்குத் தண்ணீர் எடுத்துவைத்தாள். முப்பத்திரண்டு வயதில், காலி உதடு ஒன்றைக் காட்டி ரொப்பு என்றதும், ரொப்பிவிட்டாள். அம்மா அங்கே நின்று தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தொழில் பழக்கம், வேறென்ன.

“டேக் ஒம்பது,” ரெஜி. மணலில் காற்று. குத்து. பாப்பா. “பத்து.” கடல் வற்றிவிட்டது, கப்பல், அம்மா, பாப்பா. குரலை உயர்த்திப் பார்த்தாள், கார்ட்டூன் அணில் மாதிரி வந்தது. தாழ்த்திப் பார்த்தாள், ஐம்பது வயது நைரா உள்ளிருந்து எழுந்து வந்து இருமினாள். ஞானமூர்த்தி ரெஜியிடம் ஏதோ சொல்கிறார், டாக்பேக்கை அணைத்துவிட்டுச் சொல்கிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உதடும் அசைகிறது, நிவேதா என்று சொல்கிறாரா, நேரமாயிடுச்சு என்கிறாரா. உதட்டைப் படிப்பதில் சுகந்தி புலி என்று பேர். அந்தப் பேர் எல்லாம் கடந்த எட்டு மாதத்தில் கிழிந்து தொங்குகிறது. புரட்டாசி மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, கிள்ளின கை, பேச்சும் போயிற்று. படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அம்மா சுகந்தியைப் பார்ப்பாள், உதடு ஒட்டிப் பிரியும், ஒட்டிப் பிரியும், சத்தம் வராது. சுகந்தி உடனே ஆரம்பித்துவிடுவாள். தண்ணியாம்மா? ஃபேனாம்மா? திரும்பிப் படுக்கணுமா? டிவி போடவா? அம்மா தலையை ஆட்டி இல்லை என்பாள், மறுபடி உதடு. இவள் மறுபடி ரொப்புவாள். எழுத்துப் பலகை வாங்கிவந்து காட்டினாள், அம்மா அதைப் பார்க்கவே இல்லை. அம்மா களைத்துக் கண்ணை மூடும்வரை நடக்கும், ஒரு நாளைக்கு நாலு தடவை. பகலில் பார்த்துக்கொள்ள வரும் லூர்து அக்கா, “ஏம்மா அவங்ககிட்ட வாயடிக்கற” என்று ஒருநாள் சிரித்தாள். சுகந்திக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ ஊர்க்காரிகளின் உதட்டில் தமிழை உட்கார வைத்தவள், ஜப்பான்காரி, துருக்கிக்காரி, மேக்கப் போட்ட கொரில்லா, எதையும் விட்டதில்லை. பெற்றவள் உதட்டில் ஒரு வார்த்தை நிற்கவில்லை. அதில் ஒரு அசிங்கமும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். தண்ணியா ஃபேனா என்று கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் அவள் தேடியது வேறு. தெரியாம கிள்ளிட்டேன் என்று அந்த உதடு சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைக்கத்தான் அத்தனை அவசரம்.

“சுகந்தி, கடைசியா ஒண்ணு,” என்றார் ஞானமூர்த்தி. சொல்லிவிட்டார். கடைசி. கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து. “சரி சார்,” என்றாள், தன் குரலிலேயே, அந்தச் சரியில்கூட நாற்பத்தொன்று தெரிந்தது. வெந்நீர் பிளாஸ்கை எடுத்துவிட்டு அப்படியே வைத்தாள். சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். குளிர் கையில் ஏறியது, முழங்கைக்கு மேலே, உள்பக்கம். யாரும் உள்ளே வரவில்லை, கதவு சாத்தியிருக்கிறது, ஆனாலும் கை தானாகப் போய் அந்த இடத்தைப் பிடித்தது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்கே தெரிந்திருந்தது. கிள்ளவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கடல் வற்றி இருபது வருஷம் ஆகிவிட்டது. தரை லேசாக ஆடியது, ஸ்டூலா கப்பலா தெரியவில்லை. காற்று ஹெட்போனுக்குள் சலசலக்கிறது. நைரா கண்ணாடியைக் குத்துகிறாள், கண்ணாடிக்குப் பின்னால் ஞானமூர்த்தி மங்கலாக நிற்கிறார், கண்ணாடிக்குப் பின்னால் உப்பு வெளி, கண்ணாடிக்குப் பின்னால் நீலப் புடவையில் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள், அம்மாவுக்கு அப்போது என்ன வயது, முப்பத்திரண்டு, இவள் கிழ நைராவைப் பேசிய வயது, சின்னப் பொம்பிளை. ஒரு கையால் இன்னொரு கையின் விரல்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதை இத்தனை வருஷமாக சுகந்தி பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறாள். கிள்ளின கையை மற்றக் கை பிடித்துக்கொண்டிருக்கிறது. மூச்சு உள்ளே போயிற்று. அம்மா திரும்பினாள். உதடு ஒட்டிப் பிரிந்தது, ஒட்டிப் பிரிந்தது. என்ன சொன்னாள் என்று பாப்பாவுக்குத் தெரியாது. பாப்பாவுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கண்ணாடி தடிமன். வலி மேலே ஏறி வருகிறது, மூன்று விநாடி, அந்த மூன்று விநாடியில் அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான். திரையில் நைராவின் உதடு ஒட்டிப் பிரிந்தது, ஒட்டிப் பிரிந்தது. சுகந்தி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். உள்ளே போன மூச்சு தொண்டையில் எங்கோ ஒரு இடத்தில் தடுக்கி, மிகச் சின்னதாக, க்கு என்று ஒரு ஒலி கேட்டது. வார்த்தை வரவில்லை. திரை கறுத்தது.

மௌனம். அதன் நீளத்தைச் சுகந்தி கணக்குப் பார்க்கவில்லை. கன்னத்தில் ஈரம் இருந்தது, துடைத்தாள். “லிப் காலிம்மா,” என்றார் ஞானமூர்த்தி. “தெரியும் சார்.” “தெரிஞ்சுதான் விட்டியா?” “அந்தப் பொண்ணுக்கு அவங்கம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்கவே இல்ல சார். கேக்காதத எப்படித் திருப்பிச் சொல்லுவா. உதட்ட மட்டும் பாத்து வச்சுக்கறா.” ஞானமூர்த்தி ரெஜி பக்கம் திரும்பினார். “ரெஜி, போட்டுக் காட்டு,” என்றார். ஸ்பீக்கரில் ஓடியது. குத்து, மூச்சு, மூச்சு நின்றது. திரையில் இருந்த பெண்ணின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. அந்த க்கு மட்டும் கேட்டது, அதன் சொந்தக்காரிக்கு இன்ன வயது என்று யாராலும் சொல்ல முடியாது. ரெஜி மறுபடி போட்டான், யாரும் கேட்காமலே. மூன்றாவது முறை ஓடும்போது ஞானமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். “பதினெட்டே அதிகம் போலருக்கேம்மா,” என்றார். அப்புறம், “பாப்பா எங்கன்னு சண்டைக்கு வருவானுங்க.” “வரட்டும் சார். பழைய படத்துல நான் ரொப்புனதுக்கும் சேத்துத் திட்டு வாங்கிக்கறேன்.” அவர் சிரிக்கவில்லை. “ரெஜி, இத அனுப்பு. அந்த நிவேதா பொண்ணுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன்,” என்று எழுந்து, கதவு வரை போனவர் திரும்பி, “நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு. லேட் பண்ணாத,” என்று வழக்கமான கோபத்தோடு சொன்னார். அந்தக் கோபத்தைக் கேட்டதும்தான் சுகந்தி நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்தாள். நைரா தன்னிடமே இருக்கிறாள்.

மாடிப்படியில் வெயில் முகத்தில் அறைந்தது. கீழே தெருவில் தண்ணி லாரி ஒன்று ஒழுகிக்கொண்டே போயிற்று, தார் ரோட்டில் நீளமாக ஈரக் கோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. படியிலேயே உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ போட்டாள். லூர்து அக்கா போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “கஞ்சி ஊட்டினு இருக்கேன், ஒரு வாய் வாங்க மாட்டேன்றாங்க. உன்னியப் பாக்கணும்னு அடம்.” போன் கண்ணாடிக்குள் அம்மா. வலது கை மடியில் செத்துக் கிடந்தது, இடது கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அப்படித்தான் இருந்திருக்கும், யார் பார்த்தார்கள். அம்மாவின் உதடு ஒட்டிப் பிரிந்தது, ஒட்டிப் பிரிந்தது. தண்ணியா என்று நாக்கு நுனிவரை வந்தது. சுகந்தி வாயை மூடிக்கொண்டாள். மறுபடி உதடு. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி. முதுகில் வியர்வை வழிந்தது, கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள், அவள் கண்ணை எடுக்கவில்லை. “கேக்குதும்மா,” என்றாள் கடைசியில். அம்மா தலையை ஆட்டவில்லை. கொஞ்ச நேரம் மகளையே பார்த்தாள். உதடு அசைவது நின்றது. “இன்னாம்மா கேக்குது, பக்கத்துல குந்தினுகீற எனக்கே ஒண்ணும் கேக்கல,” என்றாள் லூர்து அக்கா. அதற்குள் அம்மா ஸ்பூன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.